கோதுமைக் கப்பலில் வந்த கரண்ட்

மெட்ராஸ்காரர்களுக்கு முதன்முதலாக எரிசக்தியை முழு இலவசமாக வழங்கிய வெளிநாட்டுப் பிரமுகர் கார்ல் ஃபான் முல்லர் என்ற ஜெர்மானியர். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பலை விளக்கணைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகளைக் குறிபார்த்துச் சுட்டார். எண்ணெய் பற்றிக்கொண்டு எரிந்ததில் ஊரே பகல் மாதிரி ஆனது. மீட்டர் இல்லை, டெபாசிட் இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு மனிதர் கிளம்பிவிட்டார். (துறைமுகத்தில் நின்ற கப்பலில் சிலர் இறந்துபோனார்கள். அந்தக் கணக்கை நான் சிரிப்பில் சேர்க்கவில்லை.)

அவருக்குப் பிறகு வெளிச்சம் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரர்கள் யாரும் அப்படிச் சட்டென்று கிளம்பவில்லை. கொடுத்ததும் உட்கார்ந்துகொண்டார்கள். "கட்டணத்தை எப்போது ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். தமிழ்நாடு அவர்களுக்கு காபி கொடுத்தது, பொன்னாடை போர்த்தியது, கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொண்டது, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் வாசல் வரை கொண்டுபோய் விட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமாக நிற்கும் புகைபோக்கிகளின் சரித்திரம் மொத்தமும் இந்த விருந்தோம்பல்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பேசின் பிரிட்ஜில் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தது. காசு இருந்தவன் வீட்டில் பல்பு எரிந்தது, இல்லாதவன் வீட்டில் சிம்னி விளக்கு. மானியம் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் ஏழைக்குக் கரண்ட் என்ற பேச்சே கிடையாது. 1947-ல் அந்தக் கம்பெனியை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. 1957-ல் மின்வாரியம் பிறந்தது. பிறந்த குழந்தைக்குச் சீர் கொண்டுவர உலகமே வரிசையில் நின்றது. குந்தாவில் தண்ணீரை விழவைத்துக் கரண்ட் எடுக்கக் கொழும்புத் திட்டத்தின் பேரில் கனடா வந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு சோவியத் ரஷ்யா வந்தது. திருச்சியில் கொதிகலன் செய்யும் ஆலைக்குச் செக்கோஸ்லோவாக்கியா வந்தது. பனிப்போரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத சம்பந்திகள் எல்லாரும் நம் வீட்டுப் பந்தியில் மட்டும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். நாமும் இரண்டு பக்கமும் குழம்பு ஊற்றினோம்.

இதில் பெரிய சீர்வரிசை அமெரிக்காவிலிருந்து, கோதுமையாக வந்தது. 1965, 66-ல் மழை பொய்த்தது. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கியது. எந்தக் கப்பல் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை வாஷிங்டனில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனே உட்கார்ந்து பார்த்தார். மொத்தமாக அனுப்பிவிட்டால் இந்தியர்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்று அவருக்கு ஒரு பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்பதைப் பிற்பாடு மெட்ராஸ் நிரூபித்தது.

அவர் சொன்ன பேச்சு என்ன? உரம் போடுங்கள், புது விதை போடுங்கள், தனியார் முதலீட்டுக்குக் கதவைத் திறங்கள், ரூபாயின் மதிப்பைக் குறையுங்கள். இதில் விவசாயப் பங்கைப் பேசி முடிக்க 1965 நவம்பரில் ரோம் நகரத்துக்குப் போன நம் உணவு அமைச்சர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். 1966 ஜூன் 6-ம் தேதி டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்குப் போனது. அதே காலகட்டத்தில்தான் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கிளம்பின. இரண்டிலும் இந்திய அரசோடு பங்கு போட்டவர்கள் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும். அமெரிக்க முதலாளியும் ஷா மன்னரும் நம் சர்க்காரும் திருவொற்றியூருக்குப் பின்னால் ஒரு சேற்று நிலத்தில் பங்காளிகளாக நின்ற காட்சியை 1979-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சொன்னால் கஞ்சா அடித்தவன் கதை என்பார்கள். 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓடியது, 1971-ல் உர ஆலை. அங்கே மிஞ்சும் நாஃப்தா இங்கே அம்மோனியா ஆகும், அம்மோனியா யூரியா ஆகும், யூரியா மூட்டையாகித் தஞ்சாவூர் போகும். மூட்டைக்குள் இருப்பது எரிசக்திதான், கொஞ்சம் வெள்ளையாக இருக்கும், அவ்வளவே.

1973-ல் எண்ணெய் விலை எகிறியது. எண்ணெயில் செய்த யூரியாவை விவசாயி வாங்க முடியாது. 1977-ல் தில்லி ஒரு வழி கண்டுபிடித்தது: ஆலைக்கு ஆகிற செலவையும் நியாயமான லாபத்தையும் சேர்த்து ஒரு விலை, விவசாயிக்கு ஒரு விலை, நடுவில் உள்ள பள்ளத்தில் அரசுப் பணம். வெளிநாட்டு ஆலோசனையின் பேரில் கிளம்பிய உரம் இப்படியாக இந்தியாவின் பெருத்த மானியங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1991-ல் அன்னியச் செலாவணி வற்றி, பன்னாட்டு நிதியத்தின் முன்னால் கைகட்டி நின்றபோது, மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் ஏற்றுவதாக பட்ஜெட்டில் சொன்னார். எம்.பி.க்கள் சத்தம் போட்டார்கள். சில நாளில் 30 ஆயிற்று, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கும் ஆயிற்று. பன்னாட்டு நிதியமே முதுகில் நின்றாலும் இந்தியாவில் ஒரு மானியத்தை வெட்டினால் காயம் எந்த ஆழத்துக்கு இறங்கும் என்று அன்று தெரிந்துபோனது.

கோதுமைக்கு வருவோம். அதற்கு இந்தியா டாலரில் பணம் கட்டவில்லை, ரூபாயில் கட்டியது. அந்த ரூபாயை அமெரிக்காவுக்கு எடுத்துப் போய் என்ன செய்வது? நியூயார்க்கில் இட்லி கூட வாங்க முடியாது. அதனால் அது இங்கேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. குவிந்து குவிந்து, ஒரு கட்டத்தில் இந்திய நோட்டுகளில் எவ்வளவு அமெரிக்காவுடையது என்று பொருளாதார நிபுணர்களுக்குத் தலை சுற்றியது. கடைசியில் 1974-ல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே செக்கில் கையெழுத்துப் போட்டு இந்தியாவிடமே கொடுத்தார். அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மொய் எழுதுவதில் உலக சாதனை.

அதற்கு முன்பே அந்தக் கோதுமை ரூபாயில் ஒரு பங்கு வேறு ஒரு வேலைக்குப் போயிருந்தது. 1969-ல் கிராம மின்மயக் கழகம் தில்லியில் தொடங்கியபோது அதன் ஆரம்ப முதலீட்டில் பி.எல். 480 பணம் கலந்திருந்தது. ஆர்.இ.சி. என்று இன்றைக்கு பங்குச் சந்தையில் ஓடுகிறதே, அதேதான். அதன் வேலை, மாநில மின்வாரியங்களுக்குக் கடன் கொடுத்துக் கிராமத்துக்குக் கம்பி இழுக்க வைப்பது, கிணற்றில் பம்பு செட்டு வைக்கவைப்பது. தமிழ்நாடு இந்த ஓட்டத்தில் அதற்கு முன்பே எல்லாரையும் முந்திக்கொண்டிருந்தது. அறுபதுகளில் நாட்டில் ஓடிய மின் பம்பு செட்டுகளில் பெரும்பங்கு நம்முடையது. கவலை இறைத்துக் களைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. மாட்டுக்குப் பதில் எண்ணூர் உழைக்க ஆரம்பித்தது.

எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1970 மார்ச்சில் ஓடியது. அலகு ஐந்து, மொத்தம் 450 மெகாவாட். அதே 1970-ல் பம்பு செட்டுக் கட்டணத்தை யூனிட்டுக்குச் சில்லறைப் பைசா ஏற்றினார்கள். கோவைப் பக்கம் விவசாயத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று பேர் இறந்தார்கள். 1972-ல் கட்டணத்தை மறுபடி ஏற்றினார்கள், விவசாயிகள் கோயம்புத்தூர் நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஊரை அடைத்தார்கள், பிறகு இன்னும் பல உயிர்கள் போயின. இதற்கு மேல் இந்தப் பத்தியில் நக்கல் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லலாம்: தமிழ்நாட்டில் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் சூத்திரத்தில் அன்றிலிருந்து ஓர் எண் நிரந்தரமாக ஏறிக்கொண்டது. எந்த வங்கியின் அறிக்கையிலும் அந்த எண் இல்லை.

1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்குக் கரண்டை இலவசமாக்கினார். மற்றவர்களுக்குக் குதிரைசக்திக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. மொத்தத் தொகைக்கு மீட்டர் எதற்கு? மீட்டர் போனது. 1990-ல் கருணாநிதி, எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றார். இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று. மீட்டர் போனதில் வாரியத்துக்கும் ஒரு வசதி. கம்பியில் ஒழுகியது, கொக்கி போட்டுத் திருடியது, கணக்கில் எங்கே வைப்பதென்று தெரியாதது எல்லாவற்றையும் "விவசாயம்" என்ற தலைப்பில் ஊற்றிவிடலாம். தமிழ்நாட்டு விவசாயி குடித்ததாகக் காகிதத்தில் இருக்கும் கரண்டை அவர் உண்மையிலேயே குடித்திருந்தால் மேட்டூர் அணையை இறைத்து வங்காள விரிகுடாவில் ஊற்றியிருப்பார்.

இந்த இரண்டு இலவசங்களுக்கும் நடுவில் மணிலாவிலிருந்து ஒரு கடன் வந்து இறங்கியது. ஆசிய வளர்ச்சி வங்கி இந்தியாவுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியதே 1986-ல்தான். அந்த ஆரம்பக் கடன்களில் ஒன்று அத்திப்பட்டில் கட்டவிருந்த வட சென்னை அனல் மின் நிலையத்துக்கு. கடன் பத்திரங்களோடு சேர்ந்து வருகிற பேச்சு எல்லாருக்கும் தெரியும்: வாரியம் தன் காலில் நிற்க வேண்டும். நம் நாட்டு மின்சாரச் சட்டமும் எண்பதுகளின் நடுவிலிருந்து இதையே சொன்னது. சொத்து மதிப்பில் 3 சதவீதமாவது வாரியங்கள் உபரி காட்டவேண்டும் என்பது விதி.

அந்த நாட்களில் அண்ணாசாலை மின்வாரிய மாளிகையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை செய்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

"உங்கள் உபரி எங்கே?" என்கிறார் வங்கியின் நிபுணர்.

"இதோ சார். 3 சதவீதம். பாயின்ட் வைத்துச் சரியாக வருகிறது."

"இதில் பாதி, அரசு தரவேண்டிய மானியம் என்று எழுதியிருக்கிறதே?"

"ஆமாம் சார்."

"அரசு தந்துவிட்டதா?"

"தரவேண்டியது என்று எழுதியிருக்கிறது சார்."

"எப்போது தரும்?"

"அரசு எங்களுக்குக் கொடுத்த கடனுக்கு நாங்கள் வட்டி தரவேண்டியது இருக்கிறது சார். நாங்கள் அதைத் தரும்போது அவர்கள் இதைத் தருவார்கள்."

"நீங்கள் எப்போது தருவீர்கள்?"

"அவர்கள் தரும்போது சார். வடை ஆறிப்போகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்."

நிபுணர் மணிலாவுக்குத் திரும்பி, கட்டண விஷயத்தில் மாநில அரசு ஆழ்ந்த அக்கறை காட்டியதாக எழுதியிருப்பார். வடை நன்றாக இருந்ததாகவும் எழுதியிருக்கலாம். நான் கற்பனை செய்தது வடையையும் வசனத்தையும்தான். வராத மானியத்தை வருமானத்தில் எழுதி உபரி காட்டும் வித்தை நாடு பூராவும் மின்வாரியங்கள் தேர்ச்சி பெற்ற வித்தை.

1994 முதல் 1996 வரை அத்திப்பட்டில் மூன்று அலகுகள் ஓடத் தொடங்கின, 630 மெகாவாட். கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் கைகுலுக்கினார்கள். இந்த நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து கரி வேண்டும். கரி பாரதீப் வரை ரயிலில், அங்கிருந்து கப்பலில். கப்பல் வந்து நிற்பது சென்னைத் துறைமுகத்தில். அங்கே இறக்கிய கரியில் ஒரு பங்கு நிலையத்துக்குப் போகும் முன்பே ராயபுரம், காசிமேடு வீடுகளில் தங்கிவிடும். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம், சாயம் போட்ட செலவு மிச்சம். இதற்கும் ஆசிய வளர்ச்சி வங்கியே மருந்து கொடுத்தது: எண்ணூரில் கரிக்கென்று தனித் துறைமுகம் கட்டக் கடன். 2001 பிப்ரவரியில் வாஜ்பாய் வந்து திறந்தார். அதற்குப் பிறகும் மற்றவர்களுடைய கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தன. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் அது நின்றது. உயர் நீதிமன்றக் கட்டடம் துறைமுகத்துக்கு எதிரில் இருக்கிறது என்பதைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இங்கே மானியம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நிபுணர்கள் போட்ட கூட்டல் கழித்தலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவிநாசியில் ஒரு விவசாயி காசு கட்டாமல் மோட்டார் போட்டால் அது மானியம். அம்பத்தூர் தொழிற்சாலை அதற்காகக் கூடுதல் கட்டணம் கட்டினால் அது குறுக்கு மானியம். இரண்டுக்கும் அறிக்கையில் தனித்தனிப் பத்தி உண்டு. அந்த மோட்டார் ஓடுவதற்காக எரித்த கரியின் சாம்பலை நீரில் கரைத்து, கொசஸ்தலை ஆற்றின் மேல் குழாய் போட்டுச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் ஒழுகியது. ஒரு நாள் இரு நாள் இல்லை, ஆண்டுக்கணக்காக ஒழுகியது. ஆற்றுக்குள் சாம்பல் படிந்து, படகு ஓடிய இடத்தில் ஆள் நடக்கலாம் என்றானது. காட்டுக்குப்பத்து ஜனங்களுக்கு இறால் குறைந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் விரலில் சாம்பல் வந்தது. குழாயை மாற்றாமல் மிச்சம் பிடித்த காசு கரண்டின் அடக்க விலையைக் குறைத்தது என்றால், குறைத்த அந்தக் காசைக் கொடுத்தவர் யார்? மாநில பட்ஜெட்டில் அவர் பெயர் இல்லை. வாஷிங்டனிலும் மணிலாவிலும் போட்ட மானியப் பட்டியலிலும் இல்லை. முப்பது நாற்பது வருஷமாகத் தமிழ்நாட்டு மின்சாரத்துக்கு மானியம் கொடுத்தவர்களில் கட்சி, ஆட்சி, தேர்தல் பார்க்காமல் தவறாமல் கொடுத்தவர்கள் எண்ணூர் மீனவர்கள். அவர்களிடம் யாரும் விண்ணப்பம்கூட வாங்கவில்லை.

மீனவர் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. எழுபதுகளின் கடைசியில் ஸ்வீடன் பணத்தில், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் மெட்ராஸைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. கட்டுமரக்காரருக்கு எஞ்சின் வைத்த படகு எப்படிச் செய்து தரலாம் என்று அவர்கள் வருஷக்கணக்கில் கரையில் சோதித்தார்கள். எஞ்சின் வந்தது. எஞ்சின் தண்ணீரில் ஓடாது, டீசலில் ஓடும். மாநில அரசு வரி விலக்கு டீசல் கொடுத்தது. 2022-ல் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு கூடி, மீன்பிடி மானியங்கள் கடலை அழிக்கின்றன என்று ஒப்பந்தம் போட்டது. காசிமேட்டில் யாராவது இதைக் கேட்டிருந்தால், "எஞ்சினக் குடுத்தவனும் நீ, டீசலு குடிக்குதுன்னு கோவிச்சுக்கிறவனும் நீயா?" என்று கேட்டிருப்பார்கள். பம்பு செட்டுக் கதையேதான், உப்புத் தண்ணீரில் நனைத்தது.

தொண்ணூறுகளில் உலக வங்கிக்குப் பொறுமை போய்விட்டது. சீர்திருத்தம் செய்யாத மின்வாரியங்களுக்கு இனிக் கடன் கிடையாது என்று கதவைச் சாத்தியது. அதைக் கேட்டு முதலில் ஓடிப்போய் நின்றது ஒடிசா. 1996-ல் வாரியத்தைப் பிரித்தார்கள், பிறகு விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். பிரிட்டன் நன்கொடையில் வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து குவிந்தார்கள். ஆலோசகர்களுக்கு மட்டும் சுமார் 300 கோடி செலவானது என்று பிறகு ஒடிசா அரசின் கனுங்கோ கமிட்டி கணக்குச் சொன்னது. மானியத்தை ஒழிக்க வந்தவர்களுக்கு மானியம். 1999 புயலில் கம்பம் எல்லாம் சாய்ந்தபோது விநியோகத்தை எடுத்திருந்த அமெரிக்கக் கம்பெனியும் கொஞ்ச காலத்தில் நடையைக் கட்டியது. அடுத்தது ஆந்திரா. சந்திரபாபு நாயுடு உலக வங்கியின் செல்லப்பிள்ளை. 2000-ல் கட்டணம் ஏறியது, ஹைதராபாத் பஷீர்பாக்கில் துப்பாக்கி வெடித்தது. 2004-ல் அவர் தோற்றார். பதவியேற்ற மேடையிலேயே ராஜசேகர ரெட்டி விவசாயிகளுக்கு இலவச மின்சாரக் கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

தமிழ்நாடு இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. உலக வங்கி வராத வீட்டில் சும்மா இருந்ததா என்றால், இல்லை. வாரியத்திடம் மின் நிலையம் கட்டக் காசில்லாததால், பேசின் பிரிட்ஜில் தனியார் கம்பெனி ஒன்று சுமார் 200 மெகாவாட்டுக்கு டீசல் எஞ்சின் நிலையம் வைத்தது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் கனத்த எண்ணெயை எரித்து, வாரியத்துக்குப் பதினைந்து வருஷ ஒப்பந்தத்தில் கரண்ட் விற்றது. எண்ணெய் விலை ஏற ஏற யூனிட் விலையும் ஏறியது. கடன் வாங்கினால் நிபந்தனை வருமே என்று பயந்தவர்கள், நிபந்தனை இல்லாமல் ஒரு பெரிய பில்லை வாங்கி வந்தார்கள்.

2003-ல் ஜெயலலிதா துணிந்தார். அதில் வெளிநாட்டுக் கடன்காரர் யாரும் நேரடியாகக் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, ஆனால் அந்தக் காலத்துக் காற்று பூராவும் அந்த வாசனைதான். புதிதாக வந்திருந்த ஒழுங்குமுறை ஆணையம் மார்ச்சில் கட்டண உத்தரவு போட்டது. விவசாயிக்கும் கட்டணம் உண்டு, ஏழை விவசாயிக்கு அரசு அந்தத் தொகையைப் பணமாகக் கையில் கொடுக்கும் என்றார்கள். பாடப்புத்தகத்தில் இதைவிட அழகான மானியச் சீர்திருத்தம் கிடையாது: விலை உண்மையாக இருக்கும், உதவி நேராகப் போய்ச் சேரும். 2004 மே 13-ம் தேதி வாக்கு எண்ணினார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி சேர்த்து நாற்பது தொகுதி. ஆளுங்கட்சிக் கூட்டணிக்குக் கிடைத்தது பூஜ்யம். ஒரு வாரம் தாண்டுவதற்குள் இலவசக் கரண்ட் திரும்பி வந்தது. பாடப்புத்தகம் எழுதியவர்கள் யாரும் பொள்ளாச்சியில் டெபாசிட் கட்டவில்லை.

அதற்குப் பிறகு சென்னைக்கு வந்த வெளிநாட்டுக் கடன்காரர்கள் தெளிந்துவிட்டார்கள். 2012-ல் மின் கடத்தல் பாதைகளுக்கு ஜப்பானிய நிறுவனம் ஜைகா கடன் கொடுத்தது. 2019-ல் ஆசிய வளர்ச்சி வங்கி, சென்னை கன்னியாகுமரி தொழில் வழித்தட மின் திட்டத்துக்கு 451 மில்லியன் டாலர் ஒப்புக்கொண்டது. கோபுரம், கம்பி, துணை மின் நிலையம், இப்படிக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடியதாகக் கொடுத்தார்கள். பம்பு செட்டைப் பற்றிப் பேசினால் வடை வரும் என்பது மணிலாவில் பதிவாகியிருந்தது.

சீர்திருத்தம் வேறு வாசல் வழியாக வந்தது. 2010 நவம்பரில் வாரியத்தை உடைத்துத் தயாரிப்பு, கடத்தல் என்று தனித்தனிக் கம்பெனி ஆக்கினார்கள். அது மத்திய அரசின் 2003-ம் வருஷச் சட்டம் கேட்டது. கடன் மலையாக வளர்ந்தது. 2016 மே மாதம் மறுபடி முதல்வரான ஜெயலலிதா, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டார். 2004-ல் படித்த பாடத்தை அவர் மறக்கவில்லை. அவர் எதிர்த்துக்கொண்டிருந்த மத்திய அரசின் உதய் திட்டத்தில், அவர் மறைந்த அடுத்த மாதம், 2017 ஜனவரியில், தமிழ்நாடு சேர்ந்தது. மின் கம்பெனியின் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதே 2017 மார்ச்சில் பழைய எண்ணூர் நிலையத்தை மூடினார்கள். நாற்பத்தேழு வயது. அதன் புகைபோக்கி ஓய்ந்ததற்கு எந்த வங்கியின் நிபந்தனையும் காரணம் இல்லை, வெறும் மூப்பு.

பிறகு 2022. கட்டணத்தை ஏற்றப்போகிறோம் என்று அமைச்சர் செந்தில் பாலாஜி அறிவித்தபோது, நாங்களாக ஏற்றவில்லை, தில்லியிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வருகிறது, ஏற்றாவிட்டால் கடன் கிடைக்காது என்கிறார்கள் என்று காரணம் சொன்னார். செப்டம்பர் 10-ம் தேதி கட்டணம் ஏறியது. ஓட்டுப்போட வராத வெளிநாட்டு நிபுணர் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கட்டண உயர்வு ஒரு வழியாக நிலைத்தது.

சரி, கையை முறுக்கிய அந்தக் கடன்காரர்கள் யார்? மின் கம்பெனிகளுக்குப் பெரிய அளவில் கடன் கொடுப்பவர்கள் மத்திய அரசின் இரண்டு நிறுவனங்கள். ஒன்று பி.எஃப்.சி. என்ற மின் நிதிக் கழகம். இன்னொன்று ஆர்.இ.சி.

ஆமாம், அதே ஆர்.இ.சி.தான். ஜான்சன் அனுப்பிய கோதுமை ரூபாயில் பிறந்து, பம்பு செட்டுக்குக் கம்பி இழுக்கக் காசு கொடுத்த பிள்ளை. ஜான்சன் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவர் கப்பலை நிறுத்தி நிறுத்தி அனுப்பியும் நடத்த முடியாத காரியத்தை, அவர் பணத்தில் வளர்ந்த தில்லி அலுவலகம் தவணையை நிறுத்தி நிறுத்தி நடத்திவிட்டது. உள்ளூர் ஆள் கேட்டால்தான் நமக்கு ரோஷம் வராது போலிருக்கிறது.

ரோஷம் வராத இடத்திலும் ஒரு கோடு உண்டு. கட்டணம் ஏறியபோதும் வீட்டுக்கு 100 யூனிட் இலவசத்தில் கை வைக்கவில்லை. வேண்டாதவர்கள் தாங்களாக எழுதிக் கொடுத்து விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு வழி வைத்தார்கள், அவ்வளவுதான். பம்பு செட்டு? கட்டண உயர்வுக்கு முந்தைய வருஷம், 2021 செப்டம்பரில், வரிசையில் காத்திருந்த விவசாயிகளுக்கு ஒரு லட்சம் புதிய இலவச இணைப்புத் தரும் திட்டத்தை ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2024 மார்ச்சில் வட சென்னையில் 800 மெகாவாட்டுக்குப் புதிய அலகு ஒன்றையும் திறந்தார். இனி கரியும் வரும், சாம்பலும் வரும், மணிலாவிலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ அடுத்த நிபுணர் குழுவும் வரும். மின்வாரிய மாளிகை கேன்டீனில் வடைக்கு மாவு ஊறப்போட்டிருப்பார்கள்.